மெமரியைக் காலி செய்தால் சேமிக்காத டாகுமெண்ட் என்ன ஆகும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதத்திற்குள் எப்படியும் ஒரு "மெமரி கிளீனர்" புரோகிராமை இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். நண்பர் யாராவது சொல்லியிருப்பார், அல்லது வேறு எதையோ டவுன்லோட் செய்யும்போது அதுவும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். பட்டனைக் கிளிக் செய்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். பிறகு "1.4 ஜிபி மெமரி விடுவிக்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் ஒரு செய்தி வரும். அந்த நேரத்தில் வேர்டில் இன்னும் பெயர்கூட வைக்காத ஒரு கடிதம் திறந்திருந்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். விடுவிக்கப்பட்ட அந்த 1.4 ஜிபியோடு நம் கடிதமும் போய்விட்டதா?

இந்தக் கேள்வி பல வடிவங்களில் என்னிடம் வருகிறது. கல்லூரி புராஜெக்ட் அறிக்கையை இரண்டு மணி நேரமாக டைப் செய்துகொண்டிருக்கும் மாணவர் கேட்கிறார். கடையின் மாதக் கணக்கை எக்ஸெலில் போடுபவர் கேட்கிறார். சுருக்கமான பதில்: போகாது. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும். ஏனென்றால் மெமரியில் உள்ளதைச் சொன்ன மாத்திரத்தில் ஒழித்துக்கட்டும் ஒரு வசதி ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் வேடிக்கை: "ஆலோசனை". அதை யார் கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாது என்பது தெரிந்துவிட்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பது தெளிவாகிவிடும்.

டைப் செய்த எழுத்து எங்கே இருக்கிறது?

நீங்கள் கீபோர்டில் தட்டும் எழுத்து முதலில் ரேமில்தான் உட்காருகிறது. சேவ் கொடுக்கும்வரை அந்த எழுத்துக்கு ஹார்ட் டிஸ்கில் இடமே கிடையாது. ரேம் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு வைத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் ரேமைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து நிர்வகிக்கிறது. ஒரு துண்டுக்குப் பெயர் பேஜ். நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒரு பேஜ் என்பது 4096 பைட்டுகள். 8 ஜிபி ரேம் என்றால் சுமார் 21 லட்சம் பேஜ்கள். (ஆப்பிள் தன் சொந்த சிப்போடு 2020 முதல் விற்கும் மேக் கம்ப்யூட்டர்களில் ஒரு பேஜ் 16 கேபி.)

இந்த லட்சக்கணக்கான பேஜ்களும் ஒரே ஜாதி அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்திற்கு எதிரே பத்திரம் எழுதுபவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை சிறியது. பின்னால் பெரிய அலமாரி. உதவிக்கு ஒரு பையன். மேசையில் கிடக்கும் தாள்கள் இரண்டு வகை. ஒன்று, அலமாரியில் உள்ள மூலப் பத்திரத்தைப் பார்த்து எடுத்த ஜெராக்ஸ். மேசையில் இடம் போதவில்லை என்றால் பையன் அதைத் தாராளமாகத் தூக்கிப் போடலாம். வேண்டும்போது மறுபடி ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, எழுத்தர் இப்போதுதான் கைப்பட எழுதிய வரைவு. அதற்கு வேறு நகல் எங்கும் இல்லை. பையன் அதை எறியவே கூடாது. மேசையில் இடம் வேண்டுமென்றால் ஓரமாக உள்ள ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, கேட்கும்போது எடுத்துத் தர வேண்டும்.

மேசை ரேம். அலமாரி ஹார்ட் டிஸ்க். பையன் ஆபரேட்டிங் சிஸ்டம். ஓரத்துப் பெட்டிதான் விண்டோஸில் "பேஜ் ஃபைல்" என்றும், லினக்ஸில் "ஸ்வாப்" என்றும் சொல்லப்படுவது. நகல் உள்ள தாளை "கிளீன் பேஜ்" என்கிறார்கள். நகல் இல்லாத, மாற்றி எழுதப்பட்ட தாள் "டர்ட்டி பேஜ்". அழுக்கு என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, கம்ப்யூட்டரில் மிகவும் விலை உயர்ந்த பேஜ் அதுதான். உங்கள் பெயர் வைக்காத கடிதம் அந்த அழுக்கில்தான் இருக்கிறது.

மெமரி கிளீனர் என்ன செய்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும் எல்லா புரோகிராம்களையும் பார்த்து "உங்கள் பேஜ்களை ரேமிலிருந்து விலக்குங்கள்" என்று விண்டோஸிடம் சொல்லவைப்பதுதான் இந்த கிளீனர்கள் பலவற்றின் வேலை. விண்டோஸும் கீழ்ப்படிகிறது. கிளீன் பேஜ்களை விட்டுவிடுகிறது. டர்ட்டி பேஜ்களை "மாடிஃபைடு" என்ற பட்டியலில் சேர்த்து, தேவைப்பட்டால் பேஜ் ஃபைலில் எழுதி வைக்கிறது. 2015இல் வந்த விண்டோஸ் 10 முதல், டிஸ்கில் எழுதும் முன் அவற்றைச் சுருக்கி ரேமிலேயே வைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. எந்த வழியில் போனாலும் உங்கள் கடிதம் அப்படியே இருக்கிறது. வேர்டு விண்டோவை நீங்கள் மறுபடி கிளிக் செய்ததும் எல்லாம் திரும்பி வருகிறது. ஆனால் கொஞ்சம் தாமதமாக வருகிறது. கிளீனர் போட்டபின் கம்ப்யூட்டர் முதலில் திக்கித் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அதில் ஒரு விண்டோவை மினிமைஸ் செய்தாலே போதும், டாஸ்க் மேனேஜரில் அந்த புரோகிராமின் மெமரி அளவு சட்டென்று இறங்கிவிடும். யாருடைய டாகுமெண்டும் அதனால் காணாமல் போனதில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் "ரெஸ்மான்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரிசோர்ஸ் மானிட்டர் திறக்கும். அதில் மெமரி டேபைக் கிளிக் செய்தால் கீழே வண்ணப் பட்டை ஒன்று தெரியும். பச்சை, இப்போது பயன்பாட்டில் உள்ளது. ஆரஞ்சு, மாடிஃபைடு, அதாவது ஒதுக்கிவைத்து, இன்னும் டிஸ்கில் எழுதாத டர்ட்டி பேஜ்கள். அடர் நீலம் ஸ்டாண்ட்பை. நகல் உள்ள பேஜ்கள். வெளிர் நீலம் உண்மையிலேயே காலியானது. கிளீனர் ஓடும்போது பச்சை குறைந்து ஆரஞ்சும் அடர் நீலமும் கூடுவதைப் பார்ப்பீர்கள். "விடுவிக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் பெருமையாகச் சொன்னதில் பெரும்பகுதி இடம் மாறியது மட்டும்தான். என்னைக் கேட்டால், ஸ்டாண்ட்பை பகுதி நிறைந்திருப்பது நல்ல அடையாளம். காலி ரேம் சும்மா கிடக்கும் ரேம். கிளீனரை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேஜ் ஃபைல் ஹார்ட் டிஸ்கில் இருப்பதால், "அப்படியானால் சேவ் செய்த மாதிரிதானே" என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் அந்தப் பழைய பேஜ்களை எடுத்து வேர்டிடம் கொடுப்பதில்லை. எந்தப் பேஜ் யாருடையது என்ற குறிப்பே ரேமில்தான் இருந்தது. கரண்ட் போனதும் அதுவும் போய்விட்டது. பத்திர எழுத்தர் கடையைச் சாத்தினால் ஓரத்துப் பெட்டியில் உள்ளவையெல்லாம் குப்பை.

"ஆலோசனை" என்ற பெயரில் ஒரு கட்டளை

இதுவரை பையன் தானாக எதையும் தூக்கி எறியவில்லை. சரி, எழுத்தரே "அந்தத் தாள் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்?

யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆபரேட்டிங் சிஸ்டங்களில் "எம்-அட்வைஸ்" என்ற ஒரு அழைப்பு உண்டு. மெமரி அட்வைஸ் என்பதன் சுருக்கம். 1993இல் வெளியான 4.4 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்தது. லினக்ஸில் 2001இல் வந்த 2.4 கெர்னலில் சேர்ந்தது. ஒரு புரோகிராம் தன் மெமரியின் ஒரு பகுதியைக் காட்டி, "இதை நான் இப்படிப் பயன்படுத்தப் போகிறேன்" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திற்குக் குறிப்பு கொடுக்கும் வழி இது. இவையெல்லாம் நீங்கள் கிளிக் செய்யும் பட்டன்கள் அல்ல. புரோகிராம் எழுதுபவர்கள் உள்ளே வைப்பவை.

குறிப்புகளில் பல சாதுவானவை. "இதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கப் போகிறேன்" என்பது ஒன்று. பெரிய ஃபைலைப் படிக்கும் புரோகிராம் இதைச் சொன்னால், சிஸ்டம் அடுத்தடுத்த பகுதிகளை முன்கூட்டியே எடுத்து வைக்கும். "அங்கும் இங்குமாகப் படிப்பேன்" என்றால் முன்கூட்டி எடுக்காது. "விரைவில் இது தேவைப்படும்" என்றால் தயார் செய்யும். இவற்றைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் டேட்டா மாறாது. வேகம்தான் கூடும், குறையும். ஆலோசனை என்ற பெயர் இவற்றுக்குப் பொருத்தம்.

அதே வரிசையில் "டோன்ட் நீட்" என்று ஒன்று இருக்கிறது. "இது எனக்குத் தேவையில்லை." கேட்பதற்கு இதுவும் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் லினக்ஸில் இதைச் சாதாரண மெமரியின் மேல் சொன்னால், அந்த இடத்திலேயே உள்ளடக்கம் போய்விடும். டர்ட்டியா கிளீனா என்று பார்ப்பதில்லை. பேஜ் ஃபைலுக்கும் அனுப்புவதில்லை.

நான் லினக்ஸில் பத்துப் பதினைந்து வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு பேஜ் மெமரி வாங்கி, 4096 பைட்டிலும் ஒரே எழுத்தை நிரப்பினேன். படித்துப் பார்த்தால் எழுத்து இருக்கிறது. டோன்ட் நீட் கொடுத்தேன். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அழைப்பு வெற்றி என்றே பதில் வந்தது. மறுபடி அதே இடத்தைப் படித்தால் 4096 பைட்டும் பூஜ்யம். ரேமில் அப்போது ஏராளமான காலி இடம் இருந்தது. நெருக்கடி ஏதும் இல்லாமலேயே அழிந்தது.

ஏன் பூஜ்யம்? பழைய பேஜை சிஸ்டம் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. நீங்கள் மறுபடி அந்த இடத்தைத் தொட்டால் புதிய பேஜ் ஒன்றைத் தருகிறது. புதிய பேஜ் யாருக்குக் கொடுத்தாலும் துடைத்து, பூஜ்யமாக்கித்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு புரோகிராமின் பாஸ்வேர்டு அடுத்த புரோகிராமின் கையில் கிடைத்துவிடும் அல்லவா?

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மெமரி ஒரு ஃபைலோடு நேரடியாக இணைக்கப்பட்டு, அதில் செய்யும் மாற்றம் ஃபைலுக்கே போகும்படி வைத்திருந்தால், டோன்ட் நீட் சொன்னாலும் மாற்றம் போகாது. அது ஃபைலுக்கான கேஷ் மெமரியில் இருக்கிறது. பிறகு டிஸ்கில் எழுதப்படும். ஃபைலோடு இணைத்து, ஆனால் மாற்றங்களைத் தனக்கு மட்டும் என்று தனியாக வைத்திருந்தால், அந்த மாற்றங்கள் அழிந்து ஃபைலில் உள்ள பழைய உள்ளடக்கமே தெரியும். ஒரே அழைப்பு, எந்த மெமரியின் மேல் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று விதமான முடிவு. புரோகிராம் எழுதுபவர்கள் இந்த இடத்தில் தலையைச் சொறிவதில் ஆச்சரியம் இல்லை.

2001இல் போசிக்ஸ் என்ற பொதுத் தர நிர்ணயம், இதே பெயர்களில் இந்த ஆலோசனைகளை வரையறுத்தது. அதன்படி ஆலோசனையால் டேட்டாவின் அர்த்தம் மாறக் கூடாது. லினக்ஸின் டோன்ட் நீட் இதற்கு ஒத்துவரவில்லை. எனவே லினக்ஸ் புரோகிராம்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகம், 2007இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து ஒரு காரியம் செய்தது. போசிக்ஸ் பெயரில் "தேவையில்லை" என்று யார் சொன்னாலும், தலையை ஆட்டிவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடுகிறது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். மேசையைத் துடைக்கச் சொன்னதும், தாளைக் கிழிக்காமல் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் அனுபவசாலியின் வேலை அது.

குப்பைக்கூடை முறை

உடனே கிழிப்பதற்குப் பதிலாக இன்னொரு வழியும் உண்டு. ஃப்ரீபிஎஸ்டி போன்றவற்றில் முன்பே இருந்து, லினக்ஸில் 2016 மார்ச்சில் 4.5 கெர்னலில் சேர்ந்த "ஃப்ரீ" என்ற ஆலோசனை அது. தாளைக் குப்பைக்கூடையில் போடுகிற மாதிரி. மேசைக்கு இடம் தேவைப்படும்போதுதான் பையன் கூடையைக் கொட்டுவான். அதற்குள் எழுத்தர் அந்தத் தாளை எடுத்து மறுபடி அதில் எழுத ஆரம்பித்தால், "தேவையில்லை" என்று சொன்னது ரத்து, தாள் பிழைத்துக்கொள்ளும். எழுதாமல் வெறுமனே படித்தால்? பழைய எழுத்தும் தெரியலாம், பூஜ்யமும் தெரியலாம். எப்போது கொட்டினான் என்பதைப் பொறுத்தது.

விண்டோஸில் இதற்கு இணையானவை உண்டு. "ரீசெட்" என்று ஒன்று: இந்தப் பகுதியில் உள்ளது முக்கியமில்லை, பேஜ் ஃபைலில் எழுதிச் சிரமப்பட வேண்டாம் என்று அர்த்தம். 2013இல் வந்த விண்டோஸ் 8.1 தலைமுறையில் "ஆஃபர்", "ரீக்ளெய்ம்", "டிஸ்கார்டு" என்று மூன்று சேர்ந்தன. இவற்றில் ஆஃபர் முறை ஒழுங்காக யோசித்துச் செய்யப்பட்டது என்பது என் அபிப்பிராயம். ஒரு புரோகிராம் மெமரியை ஆஃபர் செய்கிறது. பிறகு திரும்ப வேண்டுமென்றால் ரீக்ளெய்ம் என்று கேட்க வேண்டும். உள்ளடக்கம் இடையில் போய்விட்டிருந்தால் விண்டோஸ் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். லினக்ஸில் புரோகிராமே படித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் யார் பயன்படுத்துகிறார்கள்? பெரும்பாலும் பிரவுசர்கள், கேம்கள், மெமரியைப் பங்கிட்டுத் தரும் நூலகங்கள். பத்து டேபைத் திறந்து ஏழை மூடுகிறீர்கள். மூடிய டேபின் படங்கள் இருந்த மெமரியை பிரவுசர் இப்படித் திருப்பிக் கொடுக்கிறது. அங்கே அழிவது, ஏற்கனவே யாருக்கும் வேண்டாத டேட்டா.

வேர்டோ நோட்பேடோ நீங்கள் டைப் செய்துகொண்டிருக்கும் கடிதத்தின் மேல் "தேவையில்லை" என்று சொல்லாது. சொன்னால் அது அந்த புரோகிராமின் பிழை. கிளீனரால் வெளியிலிருந்து இப்படிச் சொல்ல முடியுமா என்பதுதான் அடுத்த சந்தேகம். லினக்ஸ் இதில் கறாராக இருக்கிறது. 2020 டிசம்பரில் வந்த 5.10 கெர்னலில், ஒரு புரோகிராம் இன்னொன்றின் மெமரியைப் பற்றி ஆலோசனை சொல்லும் வசதி சேர்ந்தது. ஆண்ட்ராய்டு போன்களில், பின்னால் கிடக்கும் ஆப்களின் மெமரியைக் குறைக்க இது பயன்படுகிறது. ஆனால் அடுத்தவர் மெமரிக்கு அழிக்காத ஆலோசனைகளை மட்டுமே கொடுக்க முடியும்: "இது குளிர்ந்துவிட்டது", "இதை ஸ்வாப்புக்கு அனுப்பு" என்பது போன்றவை. டோன்ட் நீட்டும் ஃப்ரீயும் அடுத்தவர் மேல் செல்லாது. பத்திர எழுத்தரின் வரைவைக் கிழிக்கச் சொல்லும் உரிமை எழுத்தருக்கு மட்டும்தான். பக்கத்துக் கடைக்காரர் "அதைப் பெட்டியில் வை" என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்படியானால் டாகுமெண்ட் எப்படித்தான் காணாமல் போகிறது?

முதலாவது, கரண்ட். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இதற்கு மிஞ்சிய எதிரி கிடையாது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் பேட்டரி காலியாகும்வரை ஸ்லீப்பில் போட்டுவிடுவது இதே கதைதான். ஸ்லீப்பில் ரேமுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஹைபர்னேட் அப்படி அல்ல. ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைகிறது. இரவு முழுக்க விடுவதானால் ஹைபர்னேட் நல்லது.

இரண்டாவது, மெமரி உண்மையிலேயே தீர்ந்துபோவது. ரேமும் பேஜ் ஃபைலும் இரண்டுமே நிறைந்துவிட்டால் விண்டோஸ் புரோகிராம்களுக்குப் புதிய மெமரி தர மறுக்கிறது. அதைச் சமாளிக்கத் தெரியாத புரோகிராம் அப்படியே விழுந்துவிடும். லினக்ஸ் ஒரு படி மேலே போய், ஏதாவது ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்துத் தானே கொன்றுவிடுகிறது. கொல்லும் முன் "சேவ் செய்யவா?" என்று கேட்கும் அவகாசம்கூட அந்த புரோகிராமுக்குக் கிடையாது. பேஜ் ஃபைலை ஆஃப் செய்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால், இந்தக் காரணத்திற்காகவே கேட்காதீர்கள். பெட்டி இல்லாத கடையில் வரைவுகளை ஒதுக்கிவைக்க இடம் ஏது?

மூன்றாவதுதான் இன்று அதிகம் நடப்பது: பிரவுசரும் போனும். குரோம் பிரவுசர் 2015இல் வந்த 45ஆம் பதிப்பிலிருந்து, மெமரி நெருக்கடியில் பின்னால் உள்ள டேப்களைத் தானே வெளியேற்றும். டேபின் பெயர் மேலே அப்படியே இருக்கும். கிளிக் செய்தால் பக்கம் முதலிலிருந்து லோடு ஆகும். 2022 டிசம்பரில் மெமரி சேவர் என்ற பெயரில் இது இன்னும் விரிவானது. பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவம் உள்ள டேபை வெளியேற்றாமல் விடப் பார்க்கிறது என்பது உண்மைதான். இருந்தாலும் அரைமணி நேரம் எடுக்கும் நீண்ட விண்ணப்பத்தை நான் பிரவுசரில் நேரடியாக டைப் செய்வதில்லை. நோட்பேடில் எழுதி, சேவ் செய்து, பிறகு அங்கே பேஸ்ட் செய்கிறேன். இணையதளமே பத்து நிமிடத்தில் "செஷன் முடிந்தது" என்று வெளியே தள்ளினாலும் கவலை இல்லை.

போனில் இது இன்னும் சகஜம். ஆண்ட்ராய்டில் நீங்கள் வேறு ஆப்புக்குப் போனதும், பின்னால் இருப்பதை சிஸ்டம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பின்னால் போகும் நேரத்தில் ஆப்புக்கு ஒரு வாய்ப்பு தரப்படுகிறது. அப்போதே உங்கள் பாதி எழுத்தைச் சேமித்துக்கொள்வது ஆப் எழுதியவரின் பொறுப்பு. நல்ல குறிப்பேடு ஆப் எதுவும் சேவ் பட்டனே இல்லாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

நான்காவது காரணம் நாமே. வேர்டை மூடும்போது "சேமிக்கவா?" என்று கேட்கிறது. அவசரத்தில் "டோன்ட் சேவ்" கொடுத்துவிடுகிறோம். அந்த நொடியில் வேர்டு தன் மெமரியை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்குமேல் ரேமில் தேடிப் பயனில்லை. ஆனால் வேர்டு தன் பங்குக்கு ஒரு தற்காப்பு வைத்திருக்கிறது. ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் சேவ் என்ற பகுதிக்குப் போங்கள். "ஆட்டோரெகவர்" 10 நிமிடத்திற்கு ஒருமுறை என்று இருக்கும். அதை 2 ஆக மாற்றுங்கள். அதற்குக் கீழேயே, சேவ் செய்யாமல் மூடினாலும் கடைசியாகத் தானாகச் சேமித்த பதிப்பை வைத்திரு என்று ஒரு டிக் உண்டு. அது விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்பட்டால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாகுமெண்ட் வழியாகப் போய், சேமிக்காத டாகுமெண்ட்களை மீட்கலாம். ஆட்டோரெகவர் தன் நகலை ஹார்ட் டிஸ்கில் எழுதுவதால் கரண்ட் போனாலும் அது நிற்கும். லிப்ரே ஆபீஸிலும் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோடு/சேவ் பகுதியில் இதே போன்ற வசதி உண்டு.

சேவ் கொடுத்த பிறகும் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. சேவ் என்றதும் டேட்டா முதலில் ரேமில் உள்ள ஃபைல் கேஷுக்குத்தான் போகிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் அது 30 விநாடிவரை அங்கே காத்திருக்கலாம், பிறகுதான் டிஸ்க். உடனே எழுது என்று கேட்கத் தனி அழைப்பு இருக்கிறது. நல்ல எடிட்டர்கள் சேவ் செய்யும்போது அதையும் சேர்த்துக் கொடுக்கின்றன. இந்த ஃபைல் கேஷுக்கும் "தேவையில்லை" என்ற ஆலோசனை லினக்ஸில் உண்டு. ஆனால் அது டிஸ்கில் இன்னும் எழுதாத பேஜ்களைத் தொடாது. மெமரிக்கு ஒரு நியாயம், ஃபைலுக்கு ஒரு நியாயம். பெயர் மட்டும் ஒன்று.

பென் டிரைவில் இந்த இடைவெளிதான் ஆளைக் கவிழ்க்கும். 2018இல் வந்த விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவுகளுக்கு "குவிக் ரிமூவல்" முறையே வழக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதில் விண்டோஸ் எழுத வேண்டியதைத் தேக்கி வைப்பதில்லை. அதனால் காப்பி முடிந்தபின் பிடுங்கினாலும் பெரும்பாலும் தப்பிவிடலாம். லினக்ஸிலும் மேக்கிலும் அந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். காப்பி முடிந்த மாதிரி திரை காட்டும். பென் டிரைவின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று செய்தி வந்தபின் எடுங்கள்.